சொல் போனால் பொருளும் போய்விடுமா?

கரிசல்காரன்:
எங்கள் தெருவில் ஒரு பெரியவருக்கு ஸ்ட்ரோக் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது, "ஆமா", "அய்யோ" இந்த இரண்டைத் தவிர வாயில் எதுவும் வருவதில்லை. இப்போது வீட்டில் ஒரு நிலத்தை விற்கப் போகிறார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றால், "அவருக்கு என்ன தெரியப் போகுது, எல்லாம் போச்சு" என்கிறார் மகன். எனக்கு அது சரியாகப் படவில்லை. ஆனால் என் நண்பன் ஒருவன் மகன் பக்கம் பேசுகிறான். நாம் மனதுக்குள் யோசிப்பதே தமிழில்தான், அந்தத் தமிழே அழிந்துவிட்டால் யோசனை எதில் ஓடும் என்று கேட்கிறான். மொழியும் பொருளும் மூளையில் ஒரே இடத்திலா இருக்கின்றன? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள். "இடது மூளை மொழி, வலது மூளை கலை" என்ற வாட்ஸ்அப் ஃபார்வர்டு மட்டும் வேண்டாம், அது என்னிடம் நிறைய இருக்கிறது.

மருதநாயகி:
தம்பி, பேச்சு போவது வேறு, புரிதல் போவது வேறு. இதை முதலில் அந்த மகனிடம் சொல்லுங்கள். நான் பேச்சுப் பயிற்சியாளர், ஸ்ட்ரோக்குக்குப் பிறகு பேச்சு போனவர்களோடுதான் என் வேலை. இதை அஃபேசியா என்பார்கள், தமிழில் பேச்சிழப்பு. வலது பக்கம் விழுந்து கூடவே பேச்சும் போயிருக்கிறது என்றால் பெரும்பாலும் அடி மூளையின் இடது பாதியில், நெற்றிப் பக்கம்.

இந்தத் துறையே உங்கள் தெருப் பெரியவரைப் போன்ற ஒருவரிடமிருந்துதான் தொடங்கியது. பாரிஸுக்குப் பக்கத்தில் பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்று ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் "தான், தான்" என்ற ஒரே ஓசைதான் பதிலாக வரும். 1861 ஏப்ரலில் அவர் சாவதற்குச் சில நாள் முன்பு பால் புரோக்கா என்ற அறுவை மருத்துவர் அவரைச் சோதித்தார். எத்தனை வருடமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு லெபோர்ன் ஒரு கையை நான்கு முறை விரித்துக் காட்டி, அப்புறம் ஒரு விரலை நீட்டினார். 21 வருடம், கணக்கு சரி. கடிகாரத்தைக் காட்டினால் மணியும் சரியாகக் காட்டுவார். தான் சொல்ல வந்தது எதிரில் இருப்பவருக்குப் புரியவில்லை என்றால் கோபம் வந்து ஒரு வசவுச் சொல்லை மட்டும் தெளிவாகச் சொல்வார். வசவு, "அய்யோ", ஒன்று இரண்டு மூன்று, சாமி பெயர் போன்றவை இப்படித் தப்பிப் பிழைப்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்ட வேண்டிய வேலை அதில் இல்லை, பழகிப்போன முழுத் துண்டாக வெளியே வந்துவிடுகிறது.

நிலம் விஷயத்தில் அவரிடம் நீளமாகக் கேட்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி, ஆம் இல்லை என்று தலையாட்டினால் போதும் என்ற மாதிரி. நிலத்தின் போட்டோவைக் காட்டி, விற்கலாமா என்று கேளுங்கள். கொஞ்ச நேரம் கழித்து மாற்றிக் கேளுங்கள், விற்க வேண்டாமா என்று. இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் அவருக்குப் புரிந்திருக்கிறது. "ஆமா" மட்டுமே வாயில் வருபவர், மனதில் "இல்லை" என்று நினைத்துக்கொண்டே "ஆமா" என்று சொல்லிவிடுவார், அதனால் வாயை நம்பாமல் தலையையும் கையையும் பாருங்கள். டிவி சத்தத்தை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். இதையெல்லாம் செய்து பார்க்காமல் கைநாட்டு வாங்குவது அநியாயம்.

நூலகன்:
அக்கா சொன்னது கதையின் ஒரு பாதிதான். 1874இல் கார்ல் வெர்னிக்கே என்ற 26 வயது ஜெர்மன் மருத்துவர் இதற்கு நேர் எதிரானவர்களைப் பற்றி எழுதினார். பேச்சு சரளமாக, ஏற்ற இறக்கத்தோடு வரும், ஆனால் அர்த்தம் இருக்காது. எதிரில் இருப்பவர் பேசுவதும் விளங்காது, தான் பேசுவது யாருக்கும் புரியவில்லை என்பதுகூடப் பல நேரம் அவர்களுக்குத் தெரியாது. அடி பட்ட இடம் இடது காதுக்கு மேலே, பின்பக்கம். ஆகவே முன்னால் பேசும் இடம், பின்னால் புரியும் இடம், நடுவில் இரண்டையும் இணைக்கும் ஒரு நரம்புக் கற்றை என்றுதான் பாடப்புத்தகங்களில் இன்றும் படம் இருக்கிறது. அப்படியானால் பொருளுக்கும் ஒரு இடம் இருக்கிறது என்றுதானே ஆகிறது? அந்தப் பெரியவருக்கு அடி எங்கே என்று ஸ்கேன் பார்க்காமல் "புரியும், கேளுங்கள்" என்று எப்படிச் சொல்வது?

மருதநாயகி:
ஸ்கேன் எதற்கு, கேட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடுமே. சரளமாக உளறுபவர் வேறு, சொல் வராமல் திணறுபவர் வேறு. அவர் திணறுகிறார் என்றுதான் கரிசல்காரன் எழுதியிருக்கிறார்.

நரம்புச்செடி:
நூலகன் சொன்ன படம் 150 வருடப் பழசு, இன்று ஆய்வுக்கூடத்தில் யாரும் அதை அப்படியே நம்புவதில்லை. இந்தத் துறையில் ஆய்வு மாணவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லெபோர்னின் மூளையைப் புரோக்கா வெட்டவில்லை, அப்படியே சாராயத்தில் போட்டு வைத்தார். பாரிஸ் அருங்காட்சியகத்தில் இருந்த அதை எடுத்து 2007இல் எம்ஆர்ஐ செய்து பார்த்தார்கள். புரோக்கா மேலே பார்த்த பள்ளத்தோடு அடி நிற்கவில்லை, உள்ளே வெகு ஆழம் வரை, நீண்ட இணைப்பு நரம்புக் கற்றைகள் வரை போயிருந்தது. அதாவது "புரோக்கா பகுதி" என்று நாம் பெயர் வைத்த அந்தச் சின்ன இடம் மட்டும் கெட்டதால் அவர் பேச்சு போனது என்று சொல்ல முடியாது. வெர்னிக்கே பகுதியும் அப்படித்தான். காதில் விழும் ஓசையைச் சொல்லாக அடையாளம் காண்பதில் அதற்குப் பங்கு இருக்கிறது, ஆனால் எல்லாச் சொற்களின் பொருளும் அங்கே அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பது இல்லை.

பொருள் மட்டும் தனியாக அழியும் நோய் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்தால்தான் இது தெளிவாகும். சொற்பொருள் மறதி என்று சொல்லலாம். 1975இல் லண்டனில் எலிசபெத் வாரிங்டன் முதலில் தெளிவாக எழுதியது. இதில் இரண்டு பக்கத்துப் பொட்டுமடல்களின் முன்நுனியும், அதாவது காதுக்கு முன்னால் உள்ளே இருக்கும் பகுதி, மெல்ல மெல்லத் தேய்கிறது. ஆரம்பத்தில் இவர்கள் இலக்கணப் பிழை இல்லாமல் சரளமாகப் பேசுவார்கள், வழி தவற மாட்டார்கள், நேற்று நடந்ததும் நினைவில் இருக்கும். ஆனால் பேச்சில் பெயர்ச்சொற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து "அது", "அந்தச் சாமான்" என்று ஆகிவிடும். சொல்தான் மறந்துவிட்டது என்று நினைத்துப் படத்தை நீட்டினால் படமும் புரியாது. வாத்து படத்தைக் காட்டி மறைத்துவிட்டு வரையச் சொன்னால் நான்கு கால் போட்டு வரைகிறார்கள். ஒட்டகத்துக்குத் திமில் போய்விடும். எல்லா விலங்குக்கும் பொதுவானது மிஞ்சுகிறது, அந்த விலங்குக்கு மட்டும் உரியது அழிகிறது. இங்கே அழிந்தது "வாத்து" என்ற சொல் மட்டும் இல்லை, வாத்தைப் பற்றித் தெரிந்திருந்ததே அழிந்துவிட்டது.

ஆக லெபோர்னுக்குச் சொல் போயிற்று, பொருள் இருந்தது. இவர்களுக்குச் சொல்லோட்டமும் இலக்கணமும் இருக்கின்றன, பொருள் போகிறது. கரிசல்காரனின் நண்பருக்கு இதற்கு மேல் வேறு பதில் வேண்டுமா தெரியவில்லை.

இன்னொன்று, பொருளும் மொத்தமாகப் போவதில்லை. ஹெர்ப்பிஸ் வைரஸ் மூளைக் காய்ச்சலில் பிழைத்த நான்கு பேரை 1984இல் வாரிங்டனும் ஷாலிஸும் சோதித்தார்கள். அதில் ஒருவரிடம் திசைகாட்டி என்றால் என்ன என்று கேட்டால் போகும் திசையைத் தெரிந்துகொள்ளும் கருவி என்று அழகாகச் சொல்வார், டார்ச் லைட்டும் தெரியும், குப்பைத் தொட்டியும் தெரியும். கிளி என்றால் தெரியாது. உயிருள்ளவை மட்டும் அழிந்து, கையால் பயன்படுத்தும் பொருள்கள் தங்கிவிட்டன. ஏன் இப்படி என்பதில் இன்றும் சண்டை நடக்கிறது. விலங்குகளைப் பார்வையால் பிரித்தறிகிறோம், கருவிகளை அவற்றின் பயனால் அறிகிறோம், அதனால் அந்த அறிவு மூளையின் வெவ்வேறு இடங்களைச் சார்ந்து நிற்கிறது என்பது ஒரு கட்சி. எனக்கு அது பாதி சரியாகப் படுகிறது. பாதிதான், ஏனென்றால் இதில் சேராத நோயாளிகளும் இருக்கிறார்கள்.

வழிப்போக்கன்:
நான்கு கால் வாத்தா? என் மகள் இரண்டாம் வகுப்பில் ஐந்து கால் போட்டாள், வால் என்று சொல்லித் தப்பித்துவிட்டாள்.

குறியாளன்:
இத்தனை நோயாளிகளைப் பற்றிப் பேசுகிறீர்கள், நல்லா இருப்பவன் மூளை என்ன செய்கிறது என்று யாரும் சொல்லவில்லையே. நான் மென்பொருள் ஆள், என் பார்வையில் இது ரொம்ப எளிது: மூளையும் அடுத்த சொல் என்ன என்று ஊகித்துக்கொண்டே போகிறது, சாட்ஜிபிடி போன்ற இன்றைய ஏஐ மொழி மாதிரிகள் செய்வதும் அதுவேதான். பொருள் என்று தனியாக எதுவும் இல்லை, ஊகம் நன்றாக அமைந்தால் அதைத்தான் புரிதல் என்கிறோம்.

நரம்புச்செடி:
ஊகிக்கிறது என்பது உண்மை. "அதுவேதான்" என்பதில்தான் எனக்குச் சண்டை.

1980இல் மார்த்தா கூட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு இருவரும் மண்டையில் மின்முனை ஒட்டி ஒரு சோதனை செய்தார்கள். சூடான ரொட்டியில் காலுறையைத் தடவினான் என்ற மாதிரி வாக்கியத்தை ஒவ்வொரு சொல்லாகத் திரையில் காட்டினார்கள். பொருந்தாத அந்தச் சொல் வந்ததும் சுமார் 400 மில்லிநொடியில், அதாவது அரை நொடிக்கும் குறைவில், மின்பதிவில் ஒரு எதிர்மறை அலை எழுந்தது. பெரிய எழுத்தில் அச்சிட்ட சொல்லைத் திடீரென்று காட்டினால் அந்த அலை வருவதில்லை, வேறு வகை அலைதான் வருகிறது. ஆக அது ஆச்சரியத்துக்கான அலை இல்லை, பொருள் சம்பந்தப்பட்டது. என்-400 என்று அதற்குப் பெயர் வந்தது. பிற்பாடு தெரிந்தது என்னவென்றால் அபத்தமான சொல்லுக்கு மட்டும் வருவதும் இல்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் வருகிறது, எதிர்பார்த்த சொல் என்றால் சின்னதாக, எதிர்பாராததென்றால் பெரிதாக.

இதுவரை குறியாளன் கட்சிதான். அடுத்தது 2004, நெதர்லாந்தில் ஹகோர்ட் குழு. அங்கே ரயில் மஞ்சள் நிறம், ஊரில் எல்லோருக்கும் தெரியும். மூன்று வாக்கியம் கொடுத்தார்கள்: ரயில் மஞ்சளாக இருக்கும், ரயில் வெள்ளையாக இருக்கும், ரயில் புளிப்பாக இருக்கும். மூன்றாவது அர்த்தமே இல்லாதது. இரண்டாவதில் மொழியளவில் ஒரு குறையும் இல்லை, உலக உண்மைக்கு மட்டும் மாறானது. பழைய கோட்பாடுப்படி மூளை முதலில் சொற்பொருளைச் சேர்த்து வாக்கியத்தைக் கட்ட வேண்டும், அப்புறம்தான் அது உண்மையா என்று பார்க்க வேண்டும், ஆகவே வெள்ளை ரயிலுக்கு அலை தாமதமாக வர வேண்டும். வரவில்லை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில், கிட்டத்தட்ட ஒரே அளவில் வந்தது. அகராதியில் இருப்பதையும் ரயிலடியில் நின்று பார்த்ததையும் மூளை தனித்தனியாக வரிசையில் வைத்து எடுப்பதில்லை, 400 மில்லிநொடிக்குள் இரண்டையும் ஒன்றாகவே போட்டுக் கலக்குகிறது.

தமிழில் இதை நீங்களே செய்து பார்க்கலாம். "குமார் பாம்பைக் கடித்த" என்று படித்து நிறுத்துங்கள். குமார்தான் பாம்பைக் கடித்தான் என்று ஒரு கணம் தோன்றுகிறதா? இப்போது முழு வாக்கியம்: "குமார் பாம்பைக் கடித்த கீரியைப் பார்த்தான்." கீரி வந்தவுடன் கடித்தது யார் என்பதையே கழற்றி மாட்ட வேண்டியிருக்கிறது. வினை கடைசியில் வரும் மொழி என்பதால் நாம் எழுவாயையும் வேற்றுமை உருபுகளையும் கையில் வைத்துக்கொண்டு வினைக்காகக் காத்திருக்கிறோம், அந்தக் காத்திருப்பிலேயே மூளை ஒரு காட்சியை உண்டாக்கிவிடுகிறது. இப்படி வாக்கிய அமைப்பைத் திருத்த வேண்டிய இடங்களில் இன்னொரு அலை வரும், சுமார் 600 மில்லிநொடியில், நேர்மறையாக. அதற்கு பி-600 என்று பெயர்.

நூலகன்:
இந்த உதாரணம் நன்றாக இருக்கிறது. ஆனால் இதுவும் ஊகம்தான் என்று குறியாளன் சொல்வாரே.

குறியாளன்:
சொல்கிறேன். மஞ்சள் ரயிலை ஆயிரம் முறை படித்த மொழி மாதிரியும் "வெள்ளை" என்றால் திடுக்கிடும். அதற்காக அது ரயிலடியில் நின்றிருக்க வேண்டியதில்லை.

மருதநாயகி:
நீங்கள் இருவரும் ரயிலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள், நான் வார்டில் பார்ப்பதைச் சொல்கிறேன். திணறிப் பேசும் நோயாளிகளுக்குப் புரிதல் முழுசாக இருக்கிறது என்று நான் மேலே சொல்லவில்லை, பெரும்பாலும் இருக்கும். 1976இல் கராமாட்ஸா, சூரிஃப் இருவரும் செய்த சோதனை ஒன்று இருக்கிறது. பையன் சாப்பிடும் ஆப்பிள் சிவப்பு என்பது போன்ற வாக்கியம் இவர்களுக்கு விளங்குகிறது. பெண் துரத்தும் பையன் உயரம் என்றால் யார் யாரைத் துரத்தியது என்று தடுமாறுகிறார்கள். ஆப்பிள் பையனைச் சாப்பிடாது, இலக்கணம் தெரியாவிட்டாலும் உலகம் தெரிந்தால் போதும். துரத்துவது யாரும் செய்யலாம், அங்கே உருபும் சொல்வரிசையும்தான் கைகொடுக்க வேண்டும், அது அவர்களிடம் இல்லை. அதனால்தான் நிலத்தைப் பற்றிக் கேட்கும்போது "உங்களிடம் வாங்கின தம்பி விற்கச் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டாரா" என்கிற மாதிரி சுற்றி வளைத்துக் கேட்கக் கூடாது என்றேன்.

கரிசல்காரன்:
அக்கா, நேற்று போய் நீங்கள் சொன்ன மாதிரி கேட்டுப் பார்த்தோம். விற்கலாமா என்றதும் தலையை வேகமாக ஆட்டி மறுத்தார், மாற்றிக் கேட்டதற்கும் பொருத்தமாகத்தான் காட்டினார். கிணறு இருக்கும் பக்கத்தைப் போட்டோவில் தொட்டுத் தொட்டுக் காட்டினார், மற்ற பக்கத்தை விற்பதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை போல. மகனுக்கு முகமே மாறிவிட்டது. நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, "அவர் மனதுக்குள் தமிழில் யோசித்திருப்பார், வெளியே வரத்தான் வழியில்லை" என்கிறான்.

நரம்புச்செடி:
உங்கள் நண்பர் விடாக்கண்டர். அது நியாயமான கேள்விதான், வாய் மட்டும் அடைத்துக்கொண்டதா உள்ளேயும் மொழி இல்லையா என்பது.

உள்ளேயும் மொழி பெரும்பாலும் போய்விட்டவர்கள் இருக்கிறார்கள், இடது பாதியில் பெரிய அளவில் அடிபட்டவர்கள். பேசவும் வராது, கேட்டாலும் புரியாது, எழுதவும் படிக்கவும் வராது. இங்கிலாந்தில் ரோஸ்மேரி வார்லி இப்படிப்பட்டவர்களோடு பல வருடம் வேலை செய்தவர். 2005இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வில் மூன்று பேர். சிங்கத்தை மனிதன் கொன்றான், மனிதனைச் சிங்கம் கொன்றது, இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அவர்களுக்குத் தெரியவில்லை. ஆனால் எண்களில் எழுதிக் கொடுத்தால் 59இலிருந்து 13ஐக் கழிப்பதும் 13இலிருந்து 59ஐக் கழிப்பதும் வேறு என்று தெரிகிறது, அடைப்புக்குறி போட்ட கணக்கையும் சரியாகச் செய்கிறார்கள். வாக்கியத்தில் பிடிபடாத வரிசை கணக்கில் பிடிபடுகிறது. இப்படிப்பட்டவர்களில் சதுரங்கம் ஆடுபவர்களும் உண்டு.

இன்னொரு பக்கம் அமெரிக்காவில் எம்ஐடியில் எவ்லீனா ஃபெடரென்கோ குழு. ஒவ்வொருவர் மூளையிலும் மொழிக்கு மட்டும் எரியும் பகுதிகளை எஃப்எம்ஆர்ஐயில், அதாவது வேலை செய்யும் மூளையின் ரத்த ஓட்டத்தைப் படமெடுக்கும் ஸ்கேனில், முதலில் குறித்துக்கொண்டு, அப்புறம் அதே ஆளுக்குக் கணக்கு, புதிர், இசை எல்லாம் கொடுத்துப் பார்க்கிறார்கள். மொழிப் பகுதிகள் கணக்குக்கு அசைவதே இல்லை. மொழி எண்ணத்துக்கான கருவி என்பதைவிட எண்ணத்தைக் கடத்துவதற்கான கருவி என்று 2024இல் அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து நேச்சர் இதழில் வாதிட்டார்கள்.

நூலகன்:
இதை நான் முழுசாக வாங்க மாட்டேன். 59இலிருந்து 13ஐக் கழிக்கும் முறையே அவர்கள் சின்ன வயதில் மொழி வழியாகக் கற்றதுதானே? ஏணி வேண்டாம் என்று மாடியில் நின்றுகொண்டு சொல்வதில் என்ன இருக்கிறது. பழகிப்போன யோசனைக்கு மொழி வேண்டியதில்லை என்றுதான் இது காட்டுகிறது. புதிதாக ஒன்றைக் கற்க, சட்டம் எழுத, தத்துவம் பேச மொழி வேண்டாம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

நரம்புச்செடி:
நல்ல மறுப்பு. வளர்ந்தவர்களுக்கு அந்த நொடியில் யோசிக்க மொழி தேவையில்லை என்பதுதான் இந்த நோயாளிகள் காட்டுவது. வளரும்போது மொழி என்ன செய்தது என்பதை இவர்களை வைத்துத் தீர்க்க முடியாதுதான். ஆனால் தெருப் பெரியவர் விஷயத்துக்கு முதலாவது போதும், அவர் கற்று முடித்தவர்.

ஸ்காபரோ மாறன்:
இப்பதான் இழையைப் பார்த்தேன், நல்ல கதையாகப் போகிறது. நான் கனடாவில் இருக்கிறேன். வீட்டில் தமிழ், வெளியில் இங்கிலீஷ். சின்னவனுக்கு நான் "பட்டு", "பத்து" என்று வித்தியாசமாகச் சொன்னால் விளங்குகிறது, ஆனால் அவனுடைய வெள்ளைக்காரச் சிநேகிதப் பிள்ளைகளுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கிறதாம். காது ஒன்றுதானே, பிறகு ஏன்? இரண்டு மொழி என்றால் மூளையில் இரண்டு இடமா? எங்கட அம்மாவுக்கும் வயது போகிறது, இரண்டு மொழி கதைத்தால் மறதி நோய் வராது என்று இங்கே ஒரு பேச்சு உலாவுகிறது.

நரம்புச்செடி:
மாறன் அண்ணா, ட-வும் த-வும் பற்றிய புகழ்பெற்ற ஆய்வே உங்கள் நாட்டில் நடந்ததுதான். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ், 1984. இந்தியில் இருக்கும் ட, த ஓசைகளை இங்கிலீஷ் வீட்டுக் குழந்தைகளுக்குக் கேட்கவைத்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் பெரும்பாலும் பிரித்தறிந்தன. 10 முதல் 12 மாதத்தில் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. காது கெடவில்லை, வீட்டில் பயன்படாத வித்தியாசத்தை மூளை கழித்துவிடுகிறது. உங்கள் மகன் வீட்டில் கேட்டதால் தப்பித்தான்.

இரண்டு மொழிக்கு இரண்டு இடம் இல்லை, பெரும்பகுதி ஒரே வலைப்பின்னல்தான். ஆனால் நுணுக்கத்தில் வேறுபாடு உண்டு. விழித்திருக்கும் நோயாளியின் மூளையைத் திறந்து மின்முனையால் தொட்டுக்கொண்டே படத்துக்குப் பெயர் சொல்லவைக்கும் அறுவைச் சிகிச்சையில், ஒரு புள்ளியைத் தொட்டால் ஒரு மொழியில் மட்டும் பெயர் வராமல் நிற்பதை 1978லேயே ஓஜமனும் விட்டேக்கரும் எழுதினார்கள்.

மறதி நோய் வராது என்பது பொய். தள்ளிப்போகிறது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. 2007இல் உங்கள் டொரண்டோவில் எல்லன் பியாலிஸ்டாக் குழு சுமார் 4 வருடத் தாமதம் கண்டது. குடியேறி வந்தவர்கள் உடல்நலம், கல்வி எல்லாமே வேறாக இருக்கும், அதனால் இது மொழியின் பலன்தானா என்று கேள்வி எழுந்தது. அதனால் ஐதராபாத் ஆய்வு முக்கியமாகிறது. அங்கே தெலுங்கு, உருது, இந்தி என்று பல மொழி பேசுவது குடியேற்றத்தால் வந்தது இல்லை. சுவர்ணா அல்லாடி குழு 648 மறதி நோயாளிகளைப் பார்த்து 2013இல் எழுதியது: ஒரு மொழி மட்டும் பேசியவர்களைவிட மற்றவர்களுக்கு நோய் நான்கரை வருடம் தாமதமாகத் தொடங்கியது, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் இந்தத் தாமதம் இருந்தது. வேறு நாடுகளில் வருடக்கணக்கில் தொடர்ந்து கவனித்த சில ஆய்வுகளில் இந்தப் பலன் தெரியவில்லை, ஆகவே அம்மாவுக்கு இதை மருந்தாக எழுதித் தர மாட்டேன்.

நம் தலைப்போடு நேராக ஒட்டுவது அதே குழுவின் 2016 ஆய்வு. 608 ஸ்ட்ரோக் நோயாளிகள். பல மொழி பேசியவர்களில் 40.5 சதவீதம் பேருக்கு அறிவாற்றல் இயல்பாக இருந்தது, ஒரு மொழிக்காரர்களில் 19.6 சதவீதம்தான். ஆனால் பேச்சிழப்பு வந்தவர்களின் விகிதத்தில் இரு தரப்புக்கும் வித்தியாசமே இல்லை. மொழிகள் அதிகம் தெரிந்தது மொழியைக் காப்பாற்றவில்லை, மற்றதைக் காப்பாற்றியிருக்கிறது.

ஸ்காபரோ மாறன்:
விளங்குது தம்பி, நன்றி. அம்மா சீரியல் இரண்டு மொழியிலும் பார்க்கிறா, அது போதும்.

குறியாளன்:
சரி, என் பக்கத்துக்கு ஒரு சான்று. 2023இல் டெக்சாஸில் அலெக்சாண்டர் ஹூத் குழு எஃப்எம்ஆர்ஐ படத்திலிருந்து ஆள் கேட்டுக்கொண்டிருக்கும் கதையையே எழுத்தாக எடுத்தது. செய்தது மொழி மாதிரிதான். பொருள் என்று தனியாக இருந்தால் சொல்லை ஊகிக்கும் எந்திரம் அதை எப்படிப் பிடிக்கும்?

நரம்புச்செடி:
அந்த ஆய்வை முழுக்கப் படியுங்கள், அது என் கட்சிக்குச் சாட்சி. ஒவ்வொருவரையும் 16 மணி நேரம் கருவிக்குள் படுக்கவைத்துக் கதை கேட்கவைத்த பிறகுதான் வேலை செய்தது, ஒருவரை வைத்துப் பழக்கியது இன்னொருவருக்கு ஓடவில்லை, ஆள் மனதுக்குள் வேறு கதையோ எண்ணோ ஓட்டினால் கெட்டுவிடும். வந்ததும் கேட்ட சொற்கள் இல்லை. எனக்கு இன்னும் ஓட்டுநர் உரிமம் இல்லை என்று கேட்டதற்கு, அவள் இன்னும் வண்டி ஓட்டக் கற்கவே தொடங்கவில்லை என்று வந்தது. வசனமில்லாத படத்தைப் பார்த்தபோதும் காட்சியின் சாரம் ஓரளவு வந்தது. சொல்லே காதில் விழாத இடத்தில் அது எதைப் பிடித்தது? அந்தத் தகவல் மூளையில் பல இடங்களிலிருந்து கிடைத்தது, மொழிப் பகுதியில் மட்டும் இல்லை.

அதே 2023இல் பேச்சிழந்த ஒருவருக்குக் கலிபோர்னியாவில் எட்வர்ட் சாங் குழு வைத்த மின்முனைகள் நிமிடத்துக்கு 78 சொல் வரை கொடுத்தன. அவர்கள் பொருளைத் தேடவே இல்லை, நாக்கையும் உதட்டையும் தாடையையும் அசைக்க மூளை போடும் கட்டளையைப் பிடித்தார்கள். சாங் குழுவின் கருவியில் சொல் வருகிறது, ஹூத் குழுவின் கருவியில் சாரம் வருகிறது. எடுக்கும் இடமும் வேறு.

மருதநாயகி:
யாரும் தப்பாக நினைத்துக்கொள்ள வேண்டாம், சாங் குழுவின் நோயாளிக்கு மொழி முழுசாக இருந்தது, மூளைத்தண்டில் ஸ்ட்ரோக் வந்து தசைகள்தான் கேட்கவில்லை. தெருப் பெரியவரைப் போன்ற பேச்சிழப்புக்கு அந்தக் கருவி இன்று உதவாது. அவருக்குப் பயிற்சிதான். பாட்டு வருகிறதா என்று பாருங்கள் கரிசல்காரன், பேச்சு வராதவர்கள் பலருக்கு பழகிய பாட்டு வரிகளோடு வரும். ராகம் போட்டு, இடது கையால் தாளம் தட்டிக்கொண்டே சின்னச் சின்ன வாக்கியங்களைப் பழக்கும் முறை 1973இலிருந்து இருக்கிறது. எல்லாருக்கும் பலிக்காது. ஆரம்ப மாதங்களில் தொடங்கினால் நல்லது.

நூலகன்:
கடைசியாக ஒன்று. இதெல்லாம் இங்கிலீஷ், டச்சு மூளைகள். தமிழில் யாராவது பார்த்தார்களா?

நரம்புச்செடி:
ஃபெடரென்கோ குழு 2022இல் 12 மொழிக் குடும்பங்களில் 45 மொழிகளை எடுத்துச் சோதித்தது, திராவிடக் குடும்பமும் அதில் உண்டு. எல்லாவற்றிலும் அதே இடது பக்க வலைப்பின்னல்தான் வந்தது. ஆனால் பெரும்பாலும் மொழிக்கு இரண்டே பேர். பொதுவானதைக் காட்ட அது போதும், தமிழ் வாக்கியத்தில் மட்டும் நடக்கும் விஷயங்களைப் பார்க்க அது போதாது. எனக்கு மேலே சொன்ன கீரி வாக்கியத்தை இஇஜியில், அதாவது மண்டையில் மின்முனை ஒட்டும் அதே மின்பதிவில், செய்து பார்க்க ஆசை.

நூலகன்:
கீரி வாக்கியம் வேண்டாம். குமார் பாம்பைக் கடிக்க மாட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் மூளை அந்த வழியில் முழுசாகப் போகவே போகாது, நீங்களே சொன்ன வெள்ளை ரயில் கதைதான். "குமார் கண்ணனை அடித்த பையனைப் பிடித்தான்" என்று வையுங்கள். குமார் கண்ணனை அடிப்பது நடக்கக்கூடியது, "பையனை" வரும்வரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். அங்கேதான் அலை பெரிதாக இருக்கும்.

நரம்புச்செடி:
அப்படியானால் இரண்டு வகையும் வேண்டும், நடக்கக்கூடியது பாதி, நடக்காதது பாதி. ஒப்பிட "குமார் கண்ணனை அடித்த செய்தி" மாதிரி திருத்தமே தேவைப்படாத வாக்கியங்களும் வேண்டும், அதில் அடித்தவன் குமாராகவே இருந்துவிடலாம். நாற்பது வாக்கியமாவது எழுதி இங்கே போடுகிறேன். குறியாளன், உங்கள் மொழி மாதிரியிலும் இதே பட்டியலை ஓட்டி எந்தச் சொல்லில் எவ்வளவு திடுக்கிடுகிறது என்று எண்ணைக் கொடுங்கள்.

குறியாளன்:
கொடுக்கிறேன். பட்டியலில் குமாரையும் கண்ணனையும் மட்டும் வைத்து அடிக்காதீர்கள், பெயர்களை மாற்றிப் போடுங்கள்.